புது போனுக்குக் காத்திருக்கும் கொக்குகள்

இந்தத் தடவை வந்த கடிதங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தால், ஒரே கேள்விதான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. புது போன் இப்போதே வாங்கலாமா, அடுத்த மாடல் வரும்வரை பொறுக்கலாமா? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தப் பகுதி முழுவதையும் போனுக்கே கொடுத்துவிட்டேன். ஹெட்போன் பற்றிக் கேட்டிருந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

கேள்வி: என் போனுக்கு மூன்றரை வயது. போன வருடமே மாற்றலாம் என்று கிளம்பினேன். "செப்டம்பர்ல புதுசு வருது, பொறு" என்றான் தம்பி. செப்டம்பர் வந்தது, "ஜனவரியில இதைவிட நல்லது வரும்" என்றார்கள். ஜனவரியில் வந்ததைப் பார்த்தால் முந்தைய மாடலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றே புரியவில்லை, சரி, அடுத்ததிலாவது பெரிதாக ஏதாவது செய்வார்கள் என்று விட்டுவிட்டேன். இதற்கிடையில் என் போன் மத்தியானம் தாண்டினாலே சார்ஜரைத் தேடுகிறது. அம்மா வேறு, "கடல் வற்றினா கருவாடு தின்னலாம்னு நின்ன கொக்கு கதைதான் உன் கதை" என்கிறார். வாங்கவா, பொறுக்கவா? ஒரே வார்த்தையில் சொன்னாலும் போதும்.
- காத்திருந்து களைத்தவன்

பதில்: ஒரே வார்த்தையில் என்றால், பேட்டரி.

அதற்கு வருவதற்கு முன் அந்தக் கொக்கு விஷயத்தை முடித்துவிடுகிறேன். தமிழில் காத்திருக்கும் கொக்குகள் இரண்டு உண்டு. கடல் வற்றும் என்று நின்று குடல் வற்றிப்போனது ஒன்று. சின்ன மீன்களை ஓடவிட்டு உறுமீனுக்காக அசையாமல் நிற்பது இன்னொன்று. முதல் கொக்கைப் பார்த்துச் சிரிக்கிறோம், இரண்டாவதைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பொறுமை சொல்லித் தருகிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒற்றைக் காலில் நிற்பது ஒரே மாதிரிதான். எந்த மீனுக்காக நிற்கிறோம் என்பது ஒன்றுக்குத் தெரியும், மற்றதற்குத் தெரியாது. நீங்கள் செப்டம்பருக்காக நின்றீர்கள், ஜனவரிக்காக நின்றீர்கள், ஆனால் வரப்போகிற போனில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கடிதத்தில் ஓரிடத்தில்கூட எழுதவில்லை. இரண்டு முறை படித்துவிட்டேன். இருக்கிற ஒரே குறை, மத்தியானத்தில் சார்ஜ் தீர்வது.

அதனால்தான் பேட்டரி என்றேன். லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதாவதை வருடத்தில் கணக்கிடுவதைவிடச் சுற்றில் கணக்கிடுவது சரியாக இருக்கும். 100 சதவீதம் செலவழித்தால் ஒரு சுற்று. இன்று 60, நாளை 40 என்று செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுற்று. ஐபோன் 14 வரைக்கும் ஆப்பிள் சொன்ன கணக்கு, 500 சுற்று ஆனபின் ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும் என்பது. ஐபோன் 15லிருந்து அதை 1000 சுற்று என்று உயர்த்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்கள் குறைந்தது 800 சுற்றுக்கு அந்த 80 சதவீதத்தைத் தாங்க வேண்டும் என்று விதியே போட்டுவிட்டார்கள். இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். மூன்றரை வருடம் என்றால் சுமார் 1,280 நாள். தினமும் முக்கால் பேட்டரி செலவழித்திருந்தாலே 950 சுற்றைத் தாண்டிவிட்டீர்கள். பாவம், அது ஓய்வு கேட்கிற வயதில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பேட்டரி பழசானால் சார்ஜ் சீக்கிரம் தீர்வது மட்டுமில்லை, போனே மந்தமாகிவிடலாம். கேமராவைத் திறக்கும்போதோ கேம் ஆடும்போதோ பிராசஸர் சட்டென்று நிறைய மின்சாரம் கேட்கும், மூப்படைந்த பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது, போன் பொசுக்கென்று அணைந்துவிடும். இப்படி அணைவதைத் தடுக்க, பழைய பேட்டரி உள்ள ஐபோன்களில் வேகத்தைக் குறைத்து வைத்திருந்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அப்போது பெரிய கூச்சல் கிளம்பியது. போன் கிழமாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்களுக்கு, பேட்டரியை மாற்றியிருந்தாலே போதுமே என்ற ஆற்றாமை. அதன் பிறகுதான் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் என்ற பக்கமே வந்தது. ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி இது வேறு இடத்தில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் மாற்ற வேண்டியது முதலில் பேட்டரியைத்தான்.

ஆனால் பேட்டரியை மாற்றுவதற்கு முன் ஒரு தேதியைப் பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் "செக்யூரிட்டி அப்டேட்" என்று ஒரு வரி இருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு மாதமும் வருடமும். அது சமீபத்திய மாதமாக இருந்து, உங்கள் மாடலுக்கு இன்னும் ஒன்றரை இரண்டு வருடம் அப்டேட் வரும் என்று கம்பெனி சொல்லியிருந்தால், பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள். அந்தத் தேதி போன வருடத்திலேயே நின்றுபோயிருந்தால் கதை வேறு. கண்டுபிடிக்கப்படுகிற பாதுகாப்பு ஓட்டைகள் ஒவ்வொன்றும் உலகத்துக்கே தெரியும், உங்கள் போனில் மட்டும் அது அடைபடாது. அந்தப் போனில் வங்கி ஆப்பும் ஓடிபியும் வைத்துக்கொண்டு புது மாடலின் கேமராவுக்காகக் காத்திருப்பது, பூட்டில்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு திரைச்சீலைக்குத் துணி தேர்ந்தெடுக்கிற மாதிரி. அப்படியானால் பொறுக்க வேண்டாம், வாங்கிவிடுங்கள்.

வாங்குவது என்று முடிவானால் எப்போது என்பது ரொம்பச் சுலபம். புது ஐபோன்கள் செப்டம்பரில் வருவது பல வருட வழக்கம் (2020ல் கொரோனாவால் அக்டோபருக்குப் போனது). சாம்சங் எஸ் வரிசை வருடத் தொடக்கத்தில், ஜனவரி, பிப்ரவரி வாக்கில். அவர்களுடைய மடிக்கிற போன்கள் ஜூலை, ஆகஸ்டில். கூகுள் பிக்சல் பல வருடம் அக்டோபரில் வந்துகொண்டிருந்தது, 2024ல் ஆகஸ்டுக்கு வந்துவிட்டது. உங்களுக்குப் பிடித்த வரிசையில் புதுசு வர இரண்டு மாதத்துக்குள் இருக்கிறதென்றால் பொறுங்கள். புதுசை வாங்க அல்ல, புதுசு வந்ததும் பழசின் விலை இறங்குமே, அதற்காக. நான்கு மாதம், ஐந்து மாதம் இருக்கிறதென்றால் அந்த மாடல் உங்களுக்காகப் பிறக்கவில்லை என்று விட்டுவிடுங்கள்.

"பொறுத்தால் விலை குறையும்" என்பதையும் இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் ராம், ஸ்டோரேஜ் இரண்டின் விலையும் ஏறியது. போனில் இருப்பதும் அதே ஆலைகளில் வரும் சரக்குதான். அடுத்த மாடல் இதே விலைக்கு வரும், இன்னும் மலிவாக வரும் என்பதெல்லாம் பழைய பழக்கத்தில் சொல்வது.

அம்மாவிடம் சொல்லுங்கள், கொக்கு கால் மாற்றி நின்றுவிட்டது என்று.

கேள்வி: ஸ்கிரீனின் ஒரு ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது, அழுத்தினால் உட்கார்ந்து மறுபடி எழும்புகிறது. பசை விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு மாதத்தில் புது மாடல் வருகிறது, அதுவரை ஓட்டலாமா?
- ஒரு வாசகர்

பதில்: ஓட்டக் கூடாது. அழுத்தவும் கூடாது. அது பசை விட்டதாக இல்லாமல் பேட்டரி உப்பியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சார்ஜ் போடுவதை இப்போதே நிறுத்துங்கள், போனை அணையுங்கள், தலையணைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மாடல் பற்றி அப்புறம் பேசலாம்.

கேள்வி: போன மாதம்தான் ஆசைப்பட்டு ஒரு போன் வாங்கினேன். மூன்றே வாரத்தில் அதே விலைக்கு அதன் அடுத்த மாடலை விட்டுவிட்டார்கள். வயிறு எரிகிறது. என் போனைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை.
- எரிச்சலில் இருப்பவள்

பதில்: உங்கள் எரிச்சலுக்கு ஒரு மூத்த அக்கா உண்டு. முதல் ஐபோன் 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்தது. வரிசையில் நின்று வாங்கினார்கள். செப்டம்பர் 5 அன்று, அதாவது 68வது நாள், ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார். அதே போன், அதே பெட்டி. முதலில் வாங்கியவர்கள் கொதித்துப்போய் எழுதிக் குவித்ததில், மறுநாளே அவர் வருத்தம் தெரிவித்து, கொடுத்த வித்தியாசத்தில் பாதியைக் கடைக் கணக்கில் வரவு வைப்பதாக அறிவிக்க வேண்டியிருந்தது. உங்கள் கம்பெனிக்காரர்களாவது கொஞ்சம் புதிதாக எதையோ சேர்த்துவிட்டுத்தான் அடுத்த மாடலை விட்டிருக்கிறார்கள்.

நடைமுறையில் இரண்டு விஷயம். வாங்கிய இடத்தில் திருப்பித் தர, மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்று பில்லில் பாருங்கள், ஒருவேளை இன்னும் இருக்கலாம். இல்லை என்றால், புது மாடலில் என்ன கூடுதல் என்று ஒரு தாளில் எழுதி, அதில் நீங்கள் தினமும் தொடப்போவது எது என்று கோடு போடுங்கள். பிராசஸர் பெயரில் ஒரு எண் கூடியிருப்பதற்கெல்லாம் கோடு போடக் கூடாது. ஒரு கோடுகூட விழவில்லை என்றால் இந்தப் பகுதியைத் தவிர, போன் பற்றி வரும் எதையும் ஆறு மாதம் படிக்காதீர்கள். விலை ஒப்பிடும் ஆப் ஏதாவது வைத்திருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள், வாங்கி முடித்த பொருளின் விலையைப் பார்ப்பதைப் போல வீண் வேலை கிடையாது.

கேள்வி: கம்பெனிகளே அடுத்த மாடலில் என்ன வரும், எப்போது வரும் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டால் நம்மைப் போன்றவர்கள் நிம்மதியாக முடிவெடுக்கலாமே? எதற்கு இந்த ரகசியம்?
- நியாயம் கேட்பவர்

பதில்: நியாயமான கேள்விதான், ஆனால் சொன்னவர் கதி என்னவானது என்று கேளுங்கள். ஆடம் ஆஸ்போர்ன் என்பவர் 1981ல் ஆஸ்போர்ன் 1 என்று ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர் என்று பெயர், எடை சுமார் 11 கிலோ, ஸ்கிரீன் 5 அங்குலம். இன்றைய போன்களின் ஸ்கிரீன் அதைவிடப் பெரிது. அது நன்றாக விற்றது. 1983ல், அடுத்து வரும் மாடல் இதைவிடப் பிரமாதம் என்று அவர் முன்கூட்டியே பேச ஆரம்பித்தார். கேட்டவர்கள் என்ன செய்வார்கள்? உங்களையும் என்னையும் போலத்தான், "அப்போ அதுவே வரட்டும்" என்று பழசை வாங்குவதை நிறுத்தினார்கள். புதுசு இன்னும் தயாராகவில்லை, பழசு நகரவில்லை, அந்த வருடம் செப்டம்பரில் கம்பெனி திவாலானது. போட்டியும் நிர்வாகக் குளறுபடியும்தான் உண்மையான காரணம் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் "ஆஸ்போர்ன் விளைவு" என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதற்குப் பிறகு எந்தக் கம்பெனிக்கும் வாயைத் திறக்கத் துணிவில்லை.

நம் காத்திருப்பு அவர்களுக்கு அவ்வளவு பயம். அதை நினைத்தாவது கொஞ்சம் சந்தோஷப்படலாம். கசிகிற தகவல்களைப் பொறுத்தவரை, போனின் உருவம், கேமரா எண்ணிக்கை மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் போனுக்கு உறை செய்து விற்பவர்களுக்கு அளவு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். விலை பற்றிய கசிவை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: அம்மாவின் போனுக்கு ஆறு வயது. சார்ஜர் ஒயரைச் செருகினால் நிற்காது, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து ஒரு கோணத்தில் அழுத்தி வைப்பார். ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்று தினமும் எச்சரிக்கை வருகிறது, வாட்ஸ்அப் திறக்கவே நேரமாகிறது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றால், "இது நல்லாத்தானே இருக்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- பிடிவாதக்காரியின் மகள்

பதில்: சம்மதிக்க வைப்பதற்கு முன், அவர் சொல்வது உண்மையா என்று பார்த்துவிடுவோம். அம்மாக்கள் பொருளைப் பற்றிச் சொல்வது பல சமயம் சரியாக இருந்து தொலைக்கிறது.

போனை அணைத்துவிட்டு, சார்ஜ் போடும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சி டைப் என்றால் நடுவில் நாக்கு மாதிரி மெல்லிய ஒரு தகடு இருக்கும். அதைச் சுற்றி, குறிப்பாக உள்கோடியில், சாம்பல் நிறத்தில் ஏதாவது தெரிகிறதா? கைப்பையிலும் ஜேபியிலும் இருக்கும் துணித் தூசு ஆறு வருடமாக அங்கே போய், ஒவ்வொரு முறை ஒயரைச் செருகும்போதும் இறுகி இறுகிக் கம்பளி மாதிரி ஆகியிருக்கும். ஒரு மரப் பல்குச்சியை எடுத்து, அந்த நாக்கை அழுத்தாமல், சுவரோரமாக உள்ளே விட்டு மெதுவாக வெளியே இழுங்கள். ஊசி, ஹேர்பின், எந்த உலோகமும் கூடாது. ஊதவும் கூடாது, எச்சில் ஈரம் போகும். முதலில் ஒன்றும் வராது. நாலாவது, ஐந்தாவது இழுப்பில் ஒரு சின்ன உருண்டை வரும், அதன் பின்னால் இன்னொன்று. எனக்கு ஒருமுறை ஒரு போனிலிருந்து வந்ததைச் சேர்த்து வைத்தால் ஒரு மிளகு அளவுக்கு இருந்தது. பிறகு ஒயரைச் செருகினால் 'டக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அம்மாவே சொல்வார்.

அடுத்து வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால், பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேல் உள்ளவை என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும். பூவும் சூரியனும் போட்ட காலை வணக்கங்கள் அத்தனையும் அங்கேதான் இருக்கின்றன. அவரையே உட்கார வைத்து நீக்கச் சொல்லுங்கள், நீங்களாக நீக்கினால் பேரப்பிள்ளை படம் ஒன்று போய் வீட்டில் யுத்தம் வரும். ஸ்டோரேஜ் விளிம்புவரை நிரம்பியிருந்தால் போன் மந்தமாவது இயல்புதான், பழையதை அழித்து இடம் ஒழித்துவிட்டுத்தான் அது புதிதாக எழுத முடியும். பத்து பதினைந்து சதவீதம் காலியாக விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வாட்ஸ்அப் நின்றுபோய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். 2023 அக்டோபரில் அவர்கள் கைவிட்டது ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழே உள்ளவற்றைத்தான், ஆறு வருடப் போனில் அதைவிடப் புதியதே இருக்கும். உண்மையான கேள்வி ஒன்றே ஒன்று. அம்மா அந்தப் போனில் பணம் அனுப்புகிறாரா? ஆமாம் என்றால், அந்த வயது போனுக்குப் பெரும்பாலும் செக்யூரிட்டி அப்டேட் நின்றிருக்கும், புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும். "பழசு, அசிங்கமா இருக்கு" என்று சொல்லாமல் இந்தக் காரணத்தைச் சொன்னால் அவர் கேட்பார். இல்லை, பேசவும் படம் பார்க்கவும்தான் என்றால், அம்மா ஜெயித்தார், அடுத்த வருடமே பார்க்கலாம்.

கேள்வி: போன வருட உயர்ரக மாடல், இந்த வருட நடுத்தர மாடல். விலை ஏறக்குறைய ஒன்றாகவே வந்துவிட்டது. எது?
- சுருக்கமாகக் கேட்பவர்

பதில்: என் ஓட்டு பெரும்பாலும் போன வருட உயர்ரகத்துக்கு. கேமராவின் சென்சார் பெரிதாக இருக்கும், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸ் இருக்கும், ஸ்டோரேஜ் வேகமான யுஎஃப்எஸ் வகையாக இருக்கும். மலிவு மாடல்கள் சிலவற்றில் இன்னும் இஎம்எம்சி என்ற பழைய, மெதுவான வகை வருகிறது, அது முதல் வருடம் தெரியாது, மூன்றாம் வருடம் அழவைக்கும். நடுத்தர மாடலில் எண்ணிக்கை காட்டுவதற்காக மிக அருகில் இருப்பதைப் படமெடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதைக் கேமரா என்றே எண்ண வேண்டாம்.

ஆனால் ஒரு கணக்கு போட்டுவிட்டு வாங்குங்கள். அப்டேட் எத்தனை வருடம் என்று கம்பெனி சொல்வது மாடல் வெளியான நாளிலிருந்து, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கு கூகுள் 7 வருடம் என்றது, அதாவது 2030 அக்டோபர்வரை. அதை நீங்கள் எந்த வருடம் வாங்கினாலும் முடிவு அதே அக்டோபர்தான். 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24க்கும் 7 வருடம்தான். நடுத்தர மாடல்களில் 6 வருடம் தருபவையும் உண்டு, 3 வருடத்தோடு கைகழுவுபவையும் உண்டு.

இப்போது விலையை, மீதமிருக்கும் அப்டேட் வருடங்களால் வகுங்கள். புது உயர்ரக மாடலின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், 7 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்குச் சுமார் 14. அதே வரிசையில் ஒரு வருடம் பழையது 80க்குக் கிடைத்தால், 6 வருடம், 13 சொச்சம். இரண்டு வருடம் பழையது 60க்குக் கிடைத்தால் 12. அதுவே 3 வருடம் மட்டும் அப்டேட் தரும் நடுத்தர மாடல் 45 என்றால், 15. மலிவாகத் தெரிந்ததுதான் கடைசியில் கூடுதல். ஐந்து வருடமெல்லாம் ஒரே போனை வைத்திருக்க மாட்டேன், இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவேன் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, அப்போது எதை விற்றால் நல்ல விலை வரும் என்று பாருங்கள்.

கேள்வி: முன்பதிவு செய்து முதல் நாளே வாங்கினால் இலவசமாக இயர்போன் தருகிறார்கள். செய்யலாமா?
- முதல் வரிசைக்காரர்

பதில்: இயர்போனுக்காக என்றால் வேண்டாம். 2016 ஆகஸ்டில் வந்த கேலக்ஸி நோட் 7 ஞாபகம் இருக்கிறதா? பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பரில் திரும்ப வாங்கினார்கள், மாற்றிக் கொடுத்ததும் தீப்பிடித்தது, அக்டோபரில் அந்த மாடலையே இழுத்து மூடினார்கள். அது எப்போதோ ஒருமுறை நடப்பது, ஒப்புக்கொள்கிறேன். அடிக்கடி நடப்பது சின்ன விஷயங்கள்: சூடாவது, நெட்வொர்க் விட்டு விட்டு வருவது, ஸ்கிரீனில் பச்சை நிறம் ஏறுவது. இதெல்லாம் முதல் ஆறு வாரத்தில் வெளியே தெரிந்துவிடும், பாதி அப்டேட்டில் சரியாகிவிடும். முதல் நாள் வாங்குகிறவர்கள்தான் நமக்காகச் சோதித்துச் சொல்கிறார்கள், அவர்கள் இல்லாமல் நாம் இல்லை. ஆனால் அந்தப் பொதுச்சேவையை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கேள்வி: எல்லாம் ஏஐ மயமாகப் போகிறதாமே, இப்போது வாங்கினால் அடுத்த வருடமே பழசாகிவிடுமா? முழு ஏஐ போன் வரும்வரை பொறுக்கலாமா?
- கல்லூரி மாணவர்

பதில்: உங்கள் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் ஐபோன் 15 வாங்கியவர்களுக்கு, ஒன்பதே மாதத்தில், 2024 ஜூனில், ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற புது ஏஐ வசதி உங்கள் போனில் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதே நாளில் வந்த 15 புரோவுக்கு வரும். புரோவில் ராம் 8 ஜிபி, மற்றதில் 6. போனுக்குள்ளேயே ஓடும் ஏஐ மாடல் முழுவதும் ராமில் உட்கார்ந்தாக வேண்டும், இடம் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இன்று வாங்கினால் ராமில் கஞ்சம் பார்க்காதீர்கள், குறைந்தது 8, கைக்கு எட்டினால் 12.

ஆனால் காத்திருப்பதற்கு அது காரணமில்லை. அதே 2024 ஜூனில், நம் மெயிலையும் செய்தியையும் புரிந்துகொண்டு பதில் சொல்லும் புது சிரி (ஐபோனின் குரல் உதவியாளர்) வரும் என்று காட்டினார்கள். 2025 மார்ச்சில், தாமதமாகும் என்று ஒத்திவைத்தார்கள். அதை நம்பி நடுவில் போன் மாற்றியவர்கள் எத்தனை பேரோ. பெட்டியைத் திறக்கும் நாளில் போன் என்ன செய்கிறதோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள். மேடையில் காட்டியதற்குக் கொடுக்க வேண்டாம்.

இடையில் நிஜமாகவே ஒரு மாற்றம் வந்திருக்கிறது, ஏஐ அளவுக்கு அதற்குச் சத்தம் இல்லை. பேட்டரியில் கிராஃபைட்டோடு சிலிக்கன் கலக்க ஆரம்பித்திருக்கிறார்கள், அதே பருமனில் கொள்ளளவு கூடுகிறது. 5,000 எம்ஏஎச்சில் பல வருடம் நின்றுபோயிருந்த இடத்தில் இப்போது 6,000, 7,000 எல்லாம் சாதாரண தடிமனுள்ள போனிலேயே வருகிறது. ஏஐயை விட எனக்கு இதுதான் உறுமீனாகத் தெரிகிறது.

கேள்வி: பழைய போன் வாங்கி இரண்டு வருடம் ஓட்டிவிட்டு அப்புறம் நல்லதாக வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
- கையில் காசு குறைவாக உள்ளவர்

பதில்: நல்ல யோசனை. போனைக் கையில் வாங்கியதும் *#06# அழுத்துங்கள், ஐஎம்இஐ என்கிற, அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் வரும், அது பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பழைய சொந்தக்காரர் உங்கள் கண் முன்னால் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை ரீசெட் செய்து தர வேண்டும்; "வீட்டுக்குப் போய்ச் செய்துக்கோங்க" என்றால் வாங்காதீர்கள், அவர் பாஸ்வேர்டு இல்லாமல் அது வெறும் கண்ணாடிப் பலகை. செக்யூரிட்டி அப்டேட் எந்த மாதம்வரை என்று பாருங்கள், இரண்டு வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு வருடம் பாக்கி இருக்க வேண்டும். புது பேட்டரி போடும் செலவையும் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். விற்பவர் "பேட்டரி பிரச்சினையே இல்லை" என்பார். எல்லோரும் சொல்வார்கள்.

கேள்வி: போட்டோ எல்லாம் பனி படர்ந்த மாதிரி வருகிறது. கேமராவுக்காகவே புது போன் வாங்கத் திட்டம். எந்த மாடல்?
- பெயர் போட வேண்டாம்

பதில்: லென்ஸைத் துடைத்தீர்களா? சட்டை நுனியால் அல்ல, கண்ணாடி துடைக்கும் துணியால். துடைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றது நல்லதாகப் போயிற்று.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் என்ன போன் வைத்திருக்கிறீர்கள்?
- சும்மா தெரிந்துகொள்ள

பதில்: நாலு வருடம் ஆன ஒன்று. மாடல் பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கு அதற்கே பத்து கேள்வி வரும். பேட்டரி ஒருமுறை மாற்றியாயிற்று. இடது மேல் மூலையில் ஒரு கீறல், விரல் அங்கே போகும்போது தானாகவே விலகிப் போகப் பழகிவிட்டது. அதற்கு அப்டேட் அடுத்த வருடம் ஏழாம் மாதத்தோடு முடிகிறது. அந்த மாதத்தை இப்போதே குறித்து வைத்திருக்கிறேன். அதற்குள் 7,000 எம்ஏஎச் பேட்டரியோடு ஒரு கைக்கு அடக்கமான போன் யாராவது கொண்டுவந்தால் அதை வாங்குவேன், கொண்டுவராவிட்டால் அன்றைக்குக் கடையில் இருப்பதை வாங்குவேன்.